டிக்கெட்டின் விலையும் கரையின் தூரமும்

உல்லாசக் கப்பலில் பிரயாணம் செய்வது ஒரு தலைமுறைக்கு முன்வரை நம்மவர்களில் பெரும்பாலோருக்குச் சினிமாவில் கண்டு களிக்கும் விஷயமாகவே இருந்தது. இப்போது அப்படியில்லை. அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளை தன் தாய் தகப்பனாரை ஆறு மாதத்துக்கு வரவழைத்துக்கொண்டால், நயாகராவைக் காட்டிய கையோடு மயாமியிலிருந்து புறப்படும் கரீபியன் கப்பலிலோ, சியாட்டிலிலிருந்து புறப்படும் அலாஸ்காக் கப்பலிலோ அவர்களை ஏற்றி அழைத்துச் செல்கிறான். சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் மரீனா பே துறையில் ஏறி மூன்று நாள் கடலில் இருந்துவிட்டு வருகிறார்கள். 2022-ஆம் வருஷத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே உல்லாசக் கப்பல் புறப்பட்டதையும் பார்த்தோம். பிரயாணம் பெருகியதோடு, அதற்கு எடுக்க வேண்டிய இன்ஷூரன்ஸைப் பற்றிய ஓர் அபிப்பிராயமும் பெருகி, டிராவல் ஏஜெண்டு சொல்வதும், முன்பு போய்வந்த உறவினர் சொல்வதும், பணம் கட்டும் பிள்ளை நினைப்பதும் ஒன்றாகவே இருக்கும்படி வேரூன்றிவிட்டது. கப்பல் இன்ஷூரன்ஸ் என்பது போக முடியாமற்போனால் கட்டிய பணம் வீணாகாமலிருப்பதற்காக. அதற்குக் கப்பல் கம்பெனியாரே டிக்கெட்டோடு சேர்த்து விற்கும் பாதுகாப்புத் திட்டம் போதும். உடம்புக்கு ஏதாவது வந்தால் கப்பலிலேயே டாக்டர் இருக்கிறார் என்பதே அந்த அபிப்பிராயம்.

இதில் முதலாவது பேச்சு விஷயத்தின் ஓர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அதையே முழுமை என்கிறது. இரண்டாவது அந்த ஓரத்துக்கே போதாததைப் போதும் என்கிறது. மூன்றாவது, வயதானவர்களின் உயிரோடு சம்பந்தப்பட்டதாகையால், மற்ற இரண்டையும்விட ஆபத்தானது. கப்பல் பிரயாணத்தில் நாம் இழக்கக்கூடியவற்றுள் மிகச் சிறியது டிக்கெட்டின் விலை. நோய் வந்த நிமிஷத்தில் தக்க ஆஸ்பத்திரி எவ்வளவு தூரத்தில் இருக்கும், அந்த ஆஸ்பத்திரியிலிருந்து நம் வீடு எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்ற இரண்டு தூரங்களைக் கணக்கிட்டே இன்ஷூரன்ஸின் அளவை நிர்ணயிக்க வேண்டும் என்பது என் கட்சி.

கும்பகோணத்து நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எழுபதை நெருங்குகிறவர், பல வருஷமாகச் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர், நியூஜெர்ஸியிலிருக்கும் பிள்ளையிடம் புறப்படுவதற்கு முன் என்னிடம் சில காகிதங்களைக் கொண்டுவந்து காட்டினார். கரீபியன் கப்பலுக்குப் பிள்ளை முன்பணம் கட்டிய ரசீதும், அதோடு சேர்த்து வாங்கிய பாதுகாப்புத் திட்டத்தின் விவரமும் அதில் இருந்தன. “பிள்ளை எல்லாவற்றையும் பார்த்துவிட்டான் ஸார், இன்ஷூரன்ஸும் சேர்த்தே போட்டிருக்கிறான்” என்று சொல்லி, பிரயாணம் ரத்தானால் முழுத் தொகையும் கிடைக்கும் என்ற முதல் வரியை விரலால் தொட்டுக் காட்டினார். அதற்குக் கீழே, சற்றுச் சிறிய எழுத்தில், வைத்தியச் செலவு 10,000 டாலர் என்றும், அவசரமாக அப்புறப்படுத்தும் செலவு 50,000 டாலர் என்றும் இருந்தது. “பதினாயிரம் டாலர் என்றால் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல் ஆயிற்றே, போதாதா?” என்று கேட்டார். கும்பகோணத்து நர்ஸிங் ஹோமின் பில்லை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கும்போது அது நியாயமான கேள்விதான். ஆனால் காகிதத்தின் அடியில், இன்னும் சிறிய எழுத்தில், இந்த இன்ஷூரன்ஸ் அனுகூலங்கள் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கே உரியவை என்று ஒரு வரி இருந்தது. கப்பல் கம்பெனிகள் அங்கே விற்கும் பல திட்டங்களில் இந்த நிபந்தனை உண்டு. விஸிட்டர் விசாவில் போய் இறங்கும் தாய் தகப்பனார் அமெரிக்காவில் வசிப்பவர்கள் ஆகமாட்டார்கள். ஆகவே அந்தப் பதினாயிரமும் என் நண்பருக்கு இல்லை. பிள்ளைக்கு அன்றிரவே டெலிபோன் செய்து வேறு பாலிசி எடுக்கச் சொன்னார். போனார், சுகமாகத் திரும்பி வந்தார், ஒன்றும் நேரவில்லை. நேராமல் போனது அவர் அதிருஷ்டம். அந்தக் காகிதத்துக்கு அதில் பங்கில்லை.

கப்பலில் டாக்டர் இருக்கிறார் என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் மற்ற அலட்சியங்களுக்கெல்லாம் தைரியம் தருவது இதுதான். டாக்டர் இருக்கிறார், நர்ஸுகள் இருக்கிறார்கள், பெரிய கப்பல்களில் அவர்கள் அவசர சிகிச்சையில் தேர்ச்சி பெற்றவர்களாகவும் இருக்கிறார்கள். இதை மறுப்பவன் உண்மையை மறுப்பவன். வைத்தியசாலை பெரும்பாலும் கப்பலின் கீழ்த்தளத்தில், ஆட்டம் குறைந்த இடத்தில், ஸ்ட்ரெச்சரைக் கரைக்கு இறக்க வசதியாக அமைந்திருக்கும். இருதயத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவி, எக்ஸ்-ரே, ரத்தப் பரிசோதனைக்கு ஒரு சின்ன லாபரட்டரி, நின்ற இருதயத்தைத் தட்டி எழுப்பும் மின்கருவி, சுவாசக் கருவி, மாரடைப்பில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிமருந்து எல்லாம் அங்கே இருக்கும். இருதயக் குழாய்க்குள் கம்பி செலுத்தி அடைப்பை நீக்கும் கூடம் இருக்காது. பெரிய அறுவை சிகிச்சைக்கு இடமிராது. ரத்த வங்கி இராது, ரத்தம் வேண்டுமென்றால் பிரயாணிகளிடமும் மாலுமிகளிடமும் தானம் கேட்டு ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். அந்த டாக்டரின் வேலை நோயாளியைத் தக்க ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை உயிரோடு வைத்திருப்பது. அவர் தம் கடமையைச் சரிவரச் செய்தாலும், செய்து முடித்ததும் நோயாளியைக் கப்பலிலிருந்து இறக்கிவிடுவதே அவர் எடுக்கும் முடிவாக இருக்கும். அதற்குள் அவர் செய்த சிகிச்சைக்கான பில், சாப்பாட்டுக்கும் ஷாப்பிங்குக்கும் ஏறுவதுபோல், காபின் கணக்கில் ஏறி, கொடுத்து வைத்திருக்கும் கிரெடிட் கார்டில் வசூலாகிவிடும். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் அதைத் திரும்பக் கேட்பது ஊர் திரும்பிய பிறகு நாம் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம்.

இறக்கிவிடுவது என்பதைப் படிக்கிறவர்கள் ஒரு கணம் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கப்பல் நடுக்கடலில் இருந்தால், கடலோரக் காவற்படையின் ஹெலிகாப்டர் பறந்து வரக்கூடிய எல்லைக்குள் முதலில் கப்பல் வந்து சேர வேண்டும்; பிறகு அது மேலே நின்றுகொண்டு கூடையை இறக்கி நோயாளியைத் தூக்கிக்கொள்ளும். அமெரிக்கக் காவற்படை இந்தச் சேவைக்குக் கட்டணம் வாங்குவதில்லை. இதைத் தெரிந்துகொண்ட சிலர், அப்புறப்படுத்தும் செலவுக்கு எதற்கு இன்ஷூரன்ஸ், அதுதான் இனாமாயிற்றே என்று வாதிக்கிறார்கள். இனாமாக நடப்பது கப்பலிலிருந்து மிக அருகிலுள்ள ஆஸ்பத்திரிவரையிலான பிரயாணம்தான். அந்த ஆஸ்பத்திரி சின்னத் தீவொன்றில் இருக்கலாம். அங்கே இருதய வைத்தியர் இல்லாமலிருக்கலாம். பல நாடுகளில் தனியார் ஆஸ்பத்திரிகள் முன்பணமோ, இன்ஷூரன்ஸ் கம்பெனியின் உத்தரவாதக் கடிதமோ கைக்கு வராமல் அட்மிட் செய்வதில்லை. அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி உள்ள ஊருக்கு, டாக்டரும் நர்ஸும் கூட வரும் ஏர் ஆம்புலன்ஸில் கொண்டுபோக வேண்டுமென்றால் செலவு பல்லாயிரம் டாலரில் தொடங்கி, தூரதேசமானால் ஒரு லட்சம் டாலரையும் தாண்டிவிடும். அமெரிக்க அரசாங்கம் தன் சொந்தப் பிரஜைகளுக்கே வெளிநாட்டு வைத்தியச் செலவைக் கொடுப்பதில்லை என்று பகிரங்கமாக அறிவித்திருக்கிறது. மற்ற நாட்டவர் யாரிடம் போய்க் கேட்பது?

கூடப் போன மனைவியின் நிலையையும் பார்க்க வேண்டும். கணவரை ஸ்ட்ரெச்சரில் இறக்கும்போது அந்த அம்மாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே இறங்க வேண்டும். கப்பல் சாயங்காலம் தன் நேரத்துக்குப் போய்விடும். பாஷை தெரியாத ஊரில் தங்குவதற்கு இடம், ஆஸ்பத்திரிக்கும் ஓட்டலுக்கும் டாக்ஸி, பிறகு ஊர் திரும்பப் புதிதாக விமான டிக்கெட் என்று அத்தனையும் அவர் தலையில் விழும். 2024-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் நார்வேஜியன் டான் என்ற கப்பல், ஆப்பிரிக்காவின் மேற்கே உள்ள சாவோ டோமே தீவில், தாங்களாக ஏற்பாடு செய்துகொண்ட சுற்றுலாவிலிருந்து நேரம் தவறி வந்த எட்டுப் பிரயாணிகளை விட்டுவிட்டுப் புறப்பட்டுப் போனதும், அவர்களில் சிலர் பல நாடுகளைக் கடந்து ஸெனெகல் நாட்டின் டாக்கர் துறைமுகத்தில் அதை எட்டிப் பிடித்ததும் உலகமெங்கும் பேசப்பட்டன. நேரம் தவறியவர்கள்மீது குறை சொல்லலாம். ஆனால் அதே தீவில், உடல்நிலை காரணமாகக் கப்பலிலிருந்து இறக்கப்பட்ட எண்பது வயது அம்மையார் ஒருவரும் இருந்தார் என்றும், பின்தங்கியவர்கள் அவர் ஊர் திரும்புவதற்கு உதவினார்கள் என்றும் அப்போது பத்திரிகைகளில் செய்தி வந்தது. எனக்கு அந்தச் செய்திதான் மற்றதைவிடப் பெரிதாகப் பட்டது. அந்த அம்மையார் எந்த நேரத்தையும் தவறவிடவில்லை.

பொருளைக் காப்பதையே இன்ஷூரன்ஸ் என்று எண்ணும் பழக்கம் கடலோடு கூடவே பிறந்ததென்று சொல்லலாம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் எட்வர்ட் லாயிட் என்பவரின் காபிக் கடையில் கூடிய வியாபாரிகள் கப்பலுக்கும் சரக்குக்கும் இன்ஷூரன்ஸ் செய்துகொண்டார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்துச் சட்டப்படி, அதே கப்பலை ஓட்டிச் சென்ற மாலுமி தன் சம்பளத்துக்கு இன்ஷூரன்ஸ் செய்துகொள்ள முடியாது. மாலுமிக்கும் தன் கூலியில் இன்ஷூரன்ஸுக்குரிய பாத்தியதை உண்டென்பதை 1906-ஆம் வருஷத்துக் கடல் இன்ஷூரன்ஸ் சட்டம்தான் தெளிவாக எழுதி வைத்தது. சரக்கைப் பற்றி அவ்வளவு கவலை, மனிதனைப் பற்றி இவ்வளவு காலதாமதம்! இன்றைய பிரயாணி டிக்கெட்டின் விலையை முழுமையாகக் காப்பாற்றிக்கொண்டு, தன் சரீரத்துக்குப் பதினாயிரம் டாலரை ஒதுக்கும்போது அந்தப் பழைய வியாபாரியின் கணக்கையே தன் விஷயத்திலும் போடுகிறான்.

ஏதாவது விபரீதம் நேர்ந்தால் கப்பல் கம்பெனியிடமே நஷ்டஈடு வாங்கிவிடலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. டிக்கெட்டோடு வரும் ஒப்பந்தத்தை அவர்கள் படித்ததில்லை. வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு தம்பதி, கப்பலில் வழுக்கி விழுந்து அடிபட்டதற்காகத் தங்கள் ஊரில் வழக்குத் தொடுத்தபோது, டிக்கெட்டில் அச்சிட்டிருந்தபடி நாட்டின் மறுகோடியிலுள்ள பிளாரிடாவில்தான் தொடுக்க வேண்டும் என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 1991-இல் தீர்ப்புச் செய்தது. கப்பல் டாக்டர் தவறு செய்தால் முதலாளியைப் பிடிக்கலாமா என்ற கேள்விக்கு, 1988-இல் ஓர் அப்பீல் கோர்ட்டு கூடாது என்றது. 2014-இல் வேறோர் அப்பீல் கோர்ட்டு பிடிக்கலாம் என்றது. ஆகவே நியாயம் எந்த ஊரில் வழக்கு நடக்கிறது என்பதைப் பொறுத்ததாக இருக்கிறது. ஆழ்கடலில் மரணம் நேர்ந்தாலோ, 1920-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று பெரும்பாலும் பணவரவில் ஏற்பட்ட நஷ்டத்தை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்ளும். சம்பாதிக்கும் வயதைக் கடந்துவிட்ட பெரியவரின் குடும்பத்துக்கு அந்தக் கணக்கில் கிடைக்கக்கூடியது மிக அற்பம். ஐரோப்பியத் துறைகளில் ஏறுகிறவர்களுக்கு 2012-ஆம் வருஷத்தின் கடைசி நாளிலிருந்து அமலில் உள்ள விதிகள் இதைவிடத் தாராளமானவை என்பது உண்மை. ஆயினும் அவை கப்பல் விபத்தையும் கம்பெனியின் கவனக்குறைவையும் பற்றியவை. யாருடைய பிழையுமில்லாமல் வரும் மாரடைப்புக்கு எந்தச் சட்டமும் யாரிடமும் பணம் வாங்கிக் கொடுக்காது.

வேறு இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். நம் ஊர் மெடிக்ளெய்ம் பாலிசிகளில் பெரும்பாலானவை இந்திய எல்லைக்குள் செய்துகொள்ளும் சிகிச்சைக்கானவை. அமெரிக்காவிலேயே குடியேறி அறுபத்தைந்தைக் கடந்துவிட்டவர்கள் நம்பியிருக்கும் மெடிகேர் திட்டமோ, கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் நிற்கும்போதும், அதிலிருந்து புறப்பட்ட அல்லது அதை அடையப்போகும் 6 மணி நேரத்துக்குள்ளும்தான் கப்பலில் செய்யும் சிகிச்சைக்குப் பொறுப்பேற்கும். அதற்கு அப்பால் பிரயாணி தனியாள். அதோடு துணைப் பாலிசி எடுத்திருப்பவர்களுக்கும், வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கு ஆயுட்காலம் முழுவதற்குமாகச் சேர்த்து 50,000 டாலர்தான் வரம்பு. கிரெடிட் கார்டோடு இலவசமாக வரும் இன்ஷூரன்ஸ் பிரயாணம் ரத்தாவதற்கும் பெட்டி தொலைவதற்கும் உதவலாம். வைத்தியத்துக்கு அதில் இருப்பது பெரும்பாலும் சொற்பம், பலவற்றில் ஒன்றுமேயில்லை. தாய் தகப்பனாருக்குப் பிள்ளைகள் வாங்கும் விஸிட்டர் இன்ஷூரன்ஸில் இரண்டு ஜாதி உண்டு: இன்ன சிகிச்சைக்கு இவ்வளவுதான் என்று அட்டவணை போட்டுக் கொடுப்பது ஒன்று, உண்மையான பில்லில் பெரும்பகுதியை ஏற்பது மற்றொன்று. முதல் ஜாதி மலிவு, ஆகவே அதிகமாக விற்பனையாகிறது. இரண்டில் எதை வாங்கினாலும், அமெரிக்காவிலிருந்து வெளியே போய்வரும் பக்கப் பிரயாணத்துக்கு அது செல்லுமா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும்.

அலாஸ்கா அமெரிக்காதானே என்று நினைக்கிறவர்களுக்கு இதில் ஒரு விசேஷக் கண்ணி இருக்கிறது. உல்லாசக் கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா, பெர்முடா போன்ற நாடுகளின் கொடியைத் தாங்கியவை. அந்நியக் கொடிக் கப்பல் அமெரிக்கத் துறைகளுக்கிடையில் மட்டும் பிரயாணிகளை ஏற்றி இறக்கக் கூடாதென்று 1886-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று விதிப்பதால், சியாட்டிலிலிருந்து புறப்படும் கப்பல் கனடாவின் விக்டோரியா போன்ற ஒரு துறையில் சில மணி நேரமாவது நின்றுதான் வர வேண்டும். ஆகவே அலாஸ்காவுக்குப் போகிறவர் கனடாவுக்கும் போகிறார்; நம் நாட்டுப் பாஸ்போர்ட்டு வைத்திருக்கும் பெற்றோருக்குக் கனடா விசா வேண்டும், திரும்பி அமெரிக்காவுக்குள் வர மறுபிரவேசத்துக்கு இடங்கொடுக்கும் விசா வேண்டும். தஸ்தாவேஜு குறைவால் துறையிலேயே திருப்பி அனுப்பப்பட்டால் எந்த இன்ஷூரன்ஸும் ஒரு காசு தராது. இங்கிருந்தே வாங்கிப் போகிறவர்கள், “அமெரிக்கா, கனடா நீங்கலாக” என்று போட்ட மலிவுப் பாலிசியைத் தெரியாமல் வாங்கிவிடுவதும் உண்டு.

கம்பெனியின் பாதுகாப்புத் திட்டத்துக்குச் சாதகமாகச் சொல்லப்படும் மற்றொரு விஷயம், எந்தக் காரணத்தாலும் ரத்துச் செய்துகொள்ளலாம் என்ற சலுகை. கவர்ச்சியான சலுகைதான். ஆனால் அந்தச் சலுகைப்படி பெரும்பாலும் கிடைப்பது ரொக்கமன்று. அதே கம்பெனியின் மற்றொரு பிரயாணத்துக்குச் செல்லக்கூடிய வரவுச்சீட்டு. கம்பெனியே மூழ்கினால் அந்தச் சீட்டும் கூடவே மூழ்கும். 2022 ஜனவரியில் ஹாங்காங்கின் கெந்திங் நிறுவனம் நொடித்தபோது, அதற்குச் சொந்தமான கிரிஸ்டல் கப்பல் கம்பெனி தொழிலை நிறுத்தியது. எரிபொருள் பாக்கிக்காகத் தன்னை ஜப்தி செய்ய வாரண்டு காத்திருந்த மயாமிக்குப் போகாமல், கிரிஸ்டல் ஸிம்பனி என்ற கப்பல் பிரயாணிகளோடு பஹாமாஸின் பிமினித் தீவுக்குத் திரும்பியது. அதன் வருங்காலப் பிரயாணங்களுக்குப் பணம் கட்டியிருந்தவர்கள் கடன் கொடுத்தவர்களோடு ஒருவராக மனுப்போட வேண்டியவர்களானார்கள். கப்பல் கம்பெனி நொடித்துப்போவதற்கெதிரான பாதுகாப்பை அந்தக் கம்பெனியிடமே வாங்க முடியாது என்பது சொல்லாமலே விளங்கும். வெளியிலுள்ள இன்ஷூரன்ஸ் கம்பெனிகளில் சில அதைத் தருகின்றன. கம்பெனியின் திட்டம் அதனிடம் வாங்கியவற்றுக்கு மட்டுமே பொறுப்பேற்கும் என்பதையும், தனியாக வாங்கிய விமான டிக்கெட் அதில் சேராது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு விஷயத்தில் அந்தத் திட்டத்துக்குரிய நியாயத்தைக் கொடுக்க வேண்டும். வெளியில் வாங்கும் பாலிசியின் பிரீமியம் வயதோடு ஏறும். எண்பது வயதில் அது பயமுறுத்தும் தொகையாகிவிடும். கம்பெனியின் திட்டம் பெரும்பாலும் வயதைப் பார்க்காமல் டிக்கெட் விலையில் ஒரு பங்காகவே வசூலிக்கப்படுகிறது. வயது முதிர்ந்தவர், அமெரிக்காவில் வசிப்பவர், கட்டிய பணம் கணிசமானது என்றால், ரத்தாகும் அபாயத்துக்கு அதையே வாங்கிக்கொண்டு, வைத்தியத்துக்கு மட்டும் வெளியில் தனியாக ஒரு பாலிசி எடுப்பது புத்திசாலித்தனமாகவே இருக்கலாம். இந்த மாதிரி வைத்தியத்துக்கு மட்டுமான பாலிசி ஒன்று உண்டென்பதே பலருக்குத் தெரியாது. முழுப் பாலிசியின் பிரீமியம் சாதாரணமாகப் பிரயாணச் செலவில் நூற்றுக்கு 4 முதல் 10 வரை ஆகும். அதில் பெரும்பகுதி டிக்கெட் விலையைக் காப்பதற்காகவே போகிறது. டிக்கெட் போனால் போகட்டும் என்று தீர்மானித்து, சரீரத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டால், மிகக் குறைந்த பிரீமியத்தில் மிகப் பெரிய தொகைக்குப் பாதுகாப்புக் கிடைக்கும். கையில் பணம் சுருக்கமாக உள்ளவர் எதை விடலாம், எதை விடக்கூடாது என்ற கேள்விக்கு ஊரார் சொல்லும் விடை தலைகீழானது என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சான்று எனக்குத் தெரியவில்லை.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது என்று கேட்டால், வைத்தியத்துக்கு 1,00,000 டாலரும், அப்புறப்படுத்த 2,50,000 டாலரும் கப்பல் பிரயாணத்துக்குக் குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளலாம் என்பேன். தொகையைவிட முக்கியமானது அப்புறப்படுத்துவதைப் பற்றிய பாலிசியின் வாசகம். மிக அருகிலுள்ள தக்க ஆஸ்பத்திரிவரைதான் கொண்டுபோவார்களா, அங்கே உடம்பு சற்றுத் தேறியதும் சொந்த ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்களா, கூட வந்தவரின் பிரயாணச் செலவும் அதில் சேருமா, மரணம் நேர்ந்தால் சடலத்தை ஊருக்கு அனுப்பும் செலவு உண்டா என்பவை கேட்டே தீரவேண்டிய கேள்விகள். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் இருபத்துநாலு மணி நேர உதவி நம்பருக்குச் சொல்லி, அவர்களே ஏற்பாடு செய்தால்தான் ஏர் ஆம்புலன்ஸ் செலவு கிடைக்கும். பதற்றத்தில் நாமாக ஏற்பாடு செய்துவிட்டுப் பில்லை அனுப்பினால் மறுத்துவிடுவார்கள். அந்த நம்பர் கணவரின் பர்ஸில் மட்டும் இருந்தால் போதாது, மனைவியின் கைப்பையிலும் இருக்க வேண்டும்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரன் எப்படியும் ஏதாவது காரணம் காட்டித் தட்டிக்கழித்துவிடுவான், வீண் செலவு எதற்கு என்ற ஆட்சேபம் நம்மவர்களிடம் ஆழமாக ஊறியது. அதில் உண்மையே இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். கம்பெனிகள் நிபந்தனைகளை எழுதும் பாஷை சாதாரண மனிதன் படித்து விளங்கிக்கொள்ளக்கூடியதாக இல்லை என்பது அவற்றின்மேல் உள்ள பெருங்குற்றம். ஆனால் மறுப்புகளில் பல, முன்பே இருந்த வியாதி என்ற ஒரே வாசலின் வழியாக வருகின்றன என்பதையும், அந்த வாசலை முன்கூட்டியே அடைத்துவிட வழி இருக்கிறது என்பதையும் ஆட்சேபிக்கிறவர்கள் கவனிப்பதில்லை. அமெரிக்கப் பாலிசிகள், வாங்கிய தேதிக்கு முந்திய 60 முதல் 180 நாள்வரை பின்னோக்கிப் பார்க்கும். அந்தக் காலத்துக்குள் புதிதாக ஒரு வியாதி கண்டிருந்தால் மட்டுமல்ல, இருக்கிற வியாதிக்கு மருந்து மாறியிருந்தாலும் அதைக் காரணமாகக் காட்டலாம். ரத்தக் கொதிப்புக்குச் சாப்பிடும் ஆம்லோடிபின் மாத்திரையை டாக்டர் 5 மில்லிகிராமிலிருந்து 10 மில்லிகிராமாக ஏற்றினார் என்பது நமக்கு ஒரு விஷயமாகவே படாது. க்ளெய்மைப் பரிசீலிக்கிறவருக்கு அதுவே போதும். இந்த விதியைத் தளர்த்தும் விலக்கு பல பாலிசிகளில் உண்டு. முதல் முன்பணம் கட்டியதிலிருந்து பெரும்பாலும் 14 அல்லது 21 நாளுக்குள், திரும்பி வராத பிரயாணச் செலவு முழுவதற்கும் பாலிசி வாங்கியிருக்க வேண்டும், வாங்கும்போது பிரயாணம் செய்யத் தக்க உடல்நிலையில் இருக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். சர்க்கரையும் கொதிப்பும் உள்ளவர் வைத்தியத்துக்கு மட்டுமான மலிவுப் பாலிசியோடு நிற்பதா, செலவானாலும் இந்த விலக்கோடு கூடிய முழுப் பாலிசியை வாங்குவதா என்று யோசிக்க வேண்டிய இடம் இதுதான். நம் நாட்டுப் பாலிசிகளில் முறை வேறு: பலவற்றில் முன்பே இருந்த வியாதி உயிருக்கு ஆபத்தான கட்டத்துக்கு வந்தால் மட்டுமே ஏற்பார்கள், அதுவும் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதியிருந்தால். பிரீமியம் கூடுமே என்று சர்க்கரையை எழுதாமல் விடும் பிள்ளை, தகப்பனாரின் பாலிசியைத் தன் கையாலேயே ரத்துச் செய்தவனாகிறான்.

நல்ல காரியமாகச் சந்தோஷமாகப் புறப்படும்போது வியாதி, ஸ்ட்ரெச்சர், சடலம் என்றெல்லாம் பேசலாமா என்று முகம் சுளிக்கும் வீடுகளும் உண்டு. அந்த மனநிலையை நான் மதிக்கிறேன். பெரியவர்கள் எதிரில் பேச வேண்டியதில்லை, பிள்ளைகள் தங்களுக்குள் பேசி முடித்துவிடலாம். ஆனால் பேசாமலே விட்டுவிடும் சௌகரியம் அவர்களுக்கு இல்லை, ஏனென்றால் இந்த விஷயத்தில் நாள் ஓடிக்கொண்டேயிருக்கிறது. அட்லாண்டிக் கடலில் ஜூன் முதல் நவம்பர் முடியப் புயற்காலம். ஒரு புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கும் பாலிசி அந்தப் புயலால் வரும் நஷ்டத்தை ஏற்காது. முன்பே இருந்த வியாதிக்கான விலக்குக்கும், கப்பல் கம்பெனி நொடித்தால் கிடைக்கும் பாதுகாப்புக்கும் கெடு, கப்பல் புறப்படும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுவதில்லை; முதன்முதலில் ஒரு சிறு தொகையாவது முன்பணமாகக் கட்டிய தேதியிலிருந்து முன்னோக்கி எண்ணப்படுகிறது. பெரும்பாலான குடும்பங்களில் முன்பணம் ஏழெட்டு மாதத்துக்கு முன்பே கட்டப்பட்டு, இன்ஷூரன்ஸைப் பற்றிய பேச்சு பெட்டி கட்டும் வாரத்தில்தான் எழுகிறது. அப்போது வாங்கக் கிடைப்பது, வேண்டிய பாதுகாப்புகளில் பாதி விலகிப்போன பாலிசி. இரண்டு வாரத்துக்குள் முன்பணம் கட்டியவர்கள் இன்றே அந்த ரசீதை எடுத்துத் தேதியைப் பார்த்து, அப்பாவின் கடைசி மருந்துச் சீட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு டெலிபோன் செய்ய இன்னும் அவகாசம் இருக்கிறது.